திராட்சைப் பெட்டியில் லேப்டாப்

ஞானசெல்வி லேப்டாப்பின் அடிப்பக்கத்தைத் தொட்டுவிட்டுக் கையை உதறினாள்.

"ஏங்க, இதுல தோசை ஊத்தலாம்."

ஜேசுராஜ் சிரிக்கவில்லை. பதினோரு மணிக்குத் தேனியில் இருக்க வேண்டும். கம்பெனி மெயிலில் இரண்டே வரி. லேப்டாப்புடன் நேரில் வரவும். மெஷினின் சூடு பரிசோதிக்கப்படும்.

போடியில் வீட்டிலிருந்தே இதே வேலையைப் பார்க்கும் பிரின்ஸுக்கும் புதன்கிழமை இந்த மெயில் வந்தது. மெஷினை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதன்பிறகு பிரின்ஸ் ஆன்லைனில் வரவில்லை. போன் செய்து கேட்க ஜேசுராஜுக்கு மனம் வரவில்லை.

"மெஷினக் கெடுத்தவன எல்லாம் வீட்டுக்கு அனுப்புறாக செல்வி."

"இப்பவும் வீட்லதான இருக்கீக?"

அவளுக்கு ஏழாவது மாதம். இந்த வேலை போனால் பெங்களூருக்குத்தான் போக வேண்டும்.

பதினேழு அங்குல லேப்டாப். சார்ஜரோடு நாலு கிலோ. முதுகுப் பையில் திணித்தான். ஜிப் பாதியில் நின்றது. அப்டேட் ஓடிக்கொண்டிருந்ததால் அணைக்கவும் முடியவில்லை. தெருமுனை வருவதற்குள் முதுகில் இஸ்திரி போட்டதுபோல் இருந்தது. திரும்பி வந்தான்.

"எங்கப்பா தோட்டத்துப் பெட்டில வைங்க. திராட்சையே வாடாம கேரளாவுக்குப் போகுது."

நாலு பக்கமும் ஓட்டை உள்ள பிளாஸ்டிக் பெட்டி. அடியில் கிழித்த பேப்பர், நடுவில் லேப்டாப், மேலேயும் பேப்பர். கயிற்றில் ஒரு கைப்பிடி. தூக்க வசதியாக இருந்தது. காற்றும் புகுந்தது. ராயப்பன்பட்டியில் பஸ் ஏறும்வரை எல்லாம் நன்றாகவே போனது.

"பழப்பெட்டியெல்லாம் முன்னாடி!" கண்டக்டர் அதை வாங்கி, டிரைவர் பக்கத்தில் இன்ஜின் மூடிமேல் வைத்துவிட்டார்.

"அண்ணே, அது பழமில்ல. லேப்டாப்பு!"

"புது ரகமா தம்பி? விதை உண்டா?" என்றார் பக்கத்து சீட்டுக்காரர்.

கூட்டத்தில் முன்னால் நகர முடியவில்லை. தேனியில் இறங்கியபோது பெட்டிக்குள் பேப்பர் வறுபட்ட வாசனை. மணி பத்தேகால். பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே சர்பத் கடை போட்டிருந்த அன்னத்தாயிடம் ஓடினான்.

"அக்கா, இத உங்க ஐஸ் பெட்டியில கொஞ்ச நேரம் வச்சுக்கிடவா?"

"என்னய்யா அது, மீனா?"

"லேப்டாப்புக்கா."

"செத்துருச்சா?"

"இன்னும் இல்ல. செத்தா என் வேலை போயிரும்."

அப்டேட் முடிந்திருந்த லேப்டாப்பை அணைத்து அன்னத்தாயிடம் கொடுத்தான். இரண்டு பிளாஸ்டிக் பைகளில் சுற்றி, முடிச்சுப் போட்டு, ஐஸ்கட்டிகளுக்கு நடுவில் இறக்கினாள். அந்த அரை மணி நேரத்தில் இரண்டு பேர் சர்பத் கேட்டு வந்தார்கள். பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

"கெடக்கட்டும் விடு. உன் வேல பொழைக்கட்டும்" என்றாள் அன்னத்தாய்.

பதினோரு மணிக்கு, கம்பெனி எடுத்திருந்த லாட்ஜ் அறையில் டெக்னீஷியன் ஜோதிகா லேப்டாப்பை வாங்கினாள். ஆன் செய்து, அடியில் ஒரு கருவியை ஒட்டினாள். பத்து நிமிடம். ஜேசுராஜ் அதிலிருந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். முப்பதைத் தாண்டவில்லை.

மூன்று நாளில் முதல் முறையாக நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தான். ஞானசெல்விக்கு 'பொழச்சோம்' என்று மெசேஜ் அனுப்பினான். பெங்களூர் இல்லை. குழந்தை இங்கேயே பிறக்கும்.

"மேடம், என் வேலைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

ஜோதிகா லேப்டாப்பை அவன் பக்கம் தள்ளினாள்.

"வேலைக்கு என்ன சார், சூடாகுற மெஷின வாங்கிக்கிட்டு அடுத்த வாரம் ஒரு கிலோவுல புதுசு குடுக்கத்தான் எல்லாரையும் கூப்பிட்டாக; உங்களது ஜில்லுன்னு இருக்கு, இதையே தூக்கிட்டுப் போங்க."