வயிற்றெரிச்சலோடு பெண் கேட்கப் போனது

எனக்குப் பயம் வந்தால் முதலில் வயிற்றுக்குத்தான் தெரியும். மூளைக்குத் தகவல் பிறகுதான் போகும். பள்ளித் தேர்வு, கம்பெனி இன்டர்வியூ என்று எல்லா முக்கியமான நேரங்களிலும் நான் கழிவறையில்தான் இருந்திருக்கிறேன். (வேலை எப்படிக் கிடைத்தது என்று கேட்காதீர்கள்.)

ஓசூரில் என்னோடு வேலை பார்த்த சுமாவைப் பெண் கேட்க அவள் ஊரான தளிக்குப் போனபோதும் அதே கதைதான். நான் அருப்புக்கோட்டைக்காரன். அவள் வீட்டில் கன்னடம். அப்பா பசவராஜு குடைமிளகாய் விவசாயி. அவர் சம்மதித்தால்தான் கல்யாணம் என்று சுமா கறாராகச் சொல்லிவிட்டாள். அதனால் பஸ்ஸில் நாலு கன்னட வாக்கியங்களை மனப்பாடம் செய்துகொண்டு போனேன்.

அவர் தன் புதுப் பசுமைக்குடிலைப் பெருமையாகச் சுற்றிக் காட்டினார். எனக்கோ வயிற்றில் அடுப்பு. வயிறு கலங்கியதில் தலையும் கலங்கி, நாலு வாக்கியமும் மறந்துபோனது. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர், "ஏனாய்த்து?" என்றார். என்ன ஆச்சு என்று கேட்கிறார்.

வயிற்றுக்கு ஹொட்டெ, எரிச்சலுக்கு உரி. இரண்டையும் நானே ஒட்டினேன்.

"இல்லிகெ பந்த மேலெ ஹொட்டெ உரி சார்! தும்ப ஹொட்டெ உரி!"

சுமா தலையில் அடித்துக்கொண்டாள். இங்கே வந்ததிலிருந்து ஒரே பொறாமையாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். (தமிழிலும் வயிற்றெரிச்சலுக்கு அதே அர்த்தம்தான். அப்போது தோன்றினால்தானே!)

அவர் முகம் சுருங்கியது. விறுவிறுவென்று வீட்டுக்குப் பின்னால் போய்விட்டார். கல்யாணம் போச்சு என்று நினைத்தேன். அந்த நினைப்பு வயிற்றுக்குப் போய்ச்சேர ஒரு நொடிகூட ஆகவில்லை. சுமா கை காட்டிய கொல்லைப்புறக் கழிவறைக்கு ஓடினேன். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

"யாருங்க உள்ள? கொஞ்சம் சீக்கிரம் வாங்க!"

உள்ளேயிருந்து பசவராஜுவின் குரல் வந்தது, நல்ல தமிழில்.

"இருப்பா. எனக்கும் வயிறு சரியில்ல. பொண்ண உன் கையில புடிச்சுக் குடுக்கணுமேன்னு காலையில இருந்து இது மூணாவது வாட்டி."

அதைக் கேட்டதும் எனக்குப் பாதி எரிச்சல் அடங்கிவிட்டது. மீதிப் பாதிக்கு அவர் கதவைத் திறந்தாக வேண்டியிருந்தது.

மூளையும் குடலும் நரம்பு வழியாக ஓயாமல் பேசிக்கொள்கின்றன, இது கெட்டால் அதுவும் கெடும் என்று பிறகு ஒரு டாக்டர் சொன்னார். மாமனாரும் நானும் ஒரே சமயத்தில் தலையாட்டினோம். இப்போது ஆளுக்கொரு டம்ளர் மோரோடு ராசியாக இருக்கிறோம்.

கல்யாணப் பந்தலுக்கு முன்னால் மாமனார் செய்த முதல் வேலை, கொல்லையில் இன்னொரு கழிவறை கட்டியது. சொந்தக்காரர்கள் அதற்கு 'மாப்பிள்ளை ரூம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். விவரம் தெரியாத விருந்தாளிகள் இன்றும் தங்குவதற்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே போகிறார்கள்.