முப்பத்தேழாவது அருவி

மச்சான் கேலி செய்தால் திருப்பிக் கேலி செய்ய வேண்டும். சிலேக்வா அன்றைக்குக் கோபப்பட்டுத் தொலைத்தார். வந்த வினையெல்லாம் அதிலிருந்துதான்.

கசாமா ஊர் அருவி நடைக் குழுவின் மாதக் கூட்டம் தேவாலயக் கூடத்தில் நடந்துகொண்டிருந்தது. அடுத்த நடை சிலேக்வாவுக்கு நூறாவது. நூறு தொட்டவருக்குப் பெயர் பொறித்த செப்புத் தகடு கொடுப்பது என்று குழு தொடங்கிய நாளிலேயே முடிவு செய்திருந்தார்கள். இதுவரை யாரும் வாங்கியதில்லை. ஆணி, பெயின்ட் கடை வைத்திருக்கும் சிலேக்வா, ஞாயிற்றுக்கிழமை பூசையைக்கூட விட்டிருக்கிறார், அருவி நடையை விட்டதில்லை. ஒவ்வொன்றுக்கும் தடித்த அட்டை நோட்டில் தேதி, வெயிலா மழையா, அருவியின் உயரம், கூட நடந்தவர்கள், கடைசியில் மனசில் பட்ட ஒரு வரி என்று எழுதி வைத்திருந்தார்.

தலைவர் கலுங்கா, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், அந்த நோட்டிலிருந்து தனக்குப் பிடித்த பதிவை எழுந்து நின்று வாசித்தார். "முப்பத்தேழு. மலாஷி அருவி. தனியாகப் போனேன். மூன்று மின்கம்ப உயரம். இடி இறங்குவது போல் சத்தம். வாய் திறந்து பேச முடியவில்லை."

எல்லோரும் கை தட்டினார்கள். நான்கு வருடத்துக்கு முந்தைய பதிவு அது. அதைப் படித்துவிட்டுத்தான் குழுவில் மற்ற ஆறு பேரும் ஒருவர் பின் ஒருவராக, தனித்தனியாக, மலாஷிக்குப் போய் வந்தார்கள். அவரவர் நோட்டிலும் தவறாமல் இடி இறங்கியது.

அப்போதுதான் ஜேரே வாயைத் திறந்தார். சிபாட்டாவிலிருந்து இந்த வருடம்தான் மாற்றலாகி வந்த கால்நடை ஆய்வாளர். குழுவுக்குப் புதிது.

"இந்தக் குரங்கு தின்னி எந்த அருவியையும் பாத்ததில்லைங்க. வீட்டுக் குழாயைத் திறந்து விட்டுட்டு, பக்கத்துல உக்காந்து எழுதியிருக்கான்."

ஜேரே அங்கோனி இனத்தவர், சிலேக்வா பெம்பா இனத்தவர். இரண்டு பக்கத்துப் பாட்டனார்களும் ஒரு காலத்தில் ஈட்டியால் குத்திக்கொண்டவர்கள். அந்தப் புண்ணியத்தில் பேரன்மார் எல்லோரும் மச்சான் முறை. கல்யாண வீட்டில், எழவு வீட்டில், எங்கே கண்டாலும் ஒருவரை ஒருவர் வாரலாம். கோபப்படுகிறவன்தான் குற்றவாளி. "எலி தின்னிக்குத் தண்ணியைப் பத்தி என்னடா தெரியும்" என்று சிலேக்வா சொல்லியிருந்தால் கூட்டம் சிரித்துவிட்டு டீ குடிக்கப் போயிருக்கும்.

ஆனால் அவருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. எழுந்து நின்றார்.

"சந்தேகம்னா மலாஷிக்கே போவோம். என்னோட நூறாவது நடை அதுதான். அங்க காவலர்கிட்ட வருகைப் புத்தகம் இருக்கும். என் பேரு இருக்கா இல்லையான்னு எல்லாரும் கண்ணால பாருங்க."

கலுங்கா சார் இருமினார். மருத்துவமனைத் தாதி நமுகொண்டா குழுவின் செயலாளர். மின்னல் மாதிரி எழுதுகிற அந்த அம்மாவின் பேனாவே பாதியில் நின்றது. தன் ஆவேசத்தைப் பார்த்து எல்லோரும் ஆடிப்போய்விட்டார்கள் என்று சிலேக்வா நினைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவள் கீரை ஆய்வதை நிறுத்தவில்லை.

"மலாஷியா? செருப்பு பிஞ்சு பாதி வழியில திரும்பி வந்தீங்களே, அதானே?"

"பாதி இல்ல, முக்கால். சத்தம் நல்லாக் கேட்டுது. சத்தம் கேட்டா போன கணக்குதான்."

"அப்ப பக்கத்து வீட்டுல மீன் வறுக்கிற வாசனை வந்தா, நாம சாப்பிட்ட கணக்கா?"

சிலேக்வா கொல்லைப் பக்கம் போய் உட்கார்ந்தார். தகடு போனால் போகட்டும். மிச்சமிருந்த தொண்ணூற்றெட்டு நடையும் சத்தியம். கால் நகம் இரண்டு போயிருக்கிறது, ஒரு முறை தேனீ துரத்தியிருக்கிறது. இந்த ஒரு பொய் வெளியே வந்தால் அந்தத் தொண்ணூற்றெட்டும் பொய்யாகிவிடும். ஆனாலும் சமாளித்துவிடலாம் என்பதில் அவருக்குத் துளியும் சந்தேகமில்லை. ஆணிக் கடை வைத்திருப்பவன் எதையும் எங்கேயாவது அடித்து நிறுத்திவிடுவான்.

மறுநாளே கலுங்கா சார் வீட்டுக்குப் போய், மலாஷி பாதையில் பாலம் உடைந்துவிட்டதாம் என்றார். சார் ரொம்ப வருத்தம் என்றார், ஆனால் முகம் பளிச்சென்று இருந்தது. நமுகொண்டா அம்மாவிடம் சொன்னதற்கு, ஒரு தாதியாக இத்தனை உயிரோடு விளையாட நான் சம்மதிக்கவே மாட்டேன் என்று உடனே அறிவித்தார். மாலைக்குள் குழு முழுவதும் நடையைத் தள்ளிவைக்கச் சம்மதித்துவிட்டது. ஊரில் தன் சொல்லுக்கு இவ்வளவு மதிப்பா என்று சிலேக்வாவுக்கே ஆச்சரியம்.

ஜேரே ஒருவர்தான் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் வாரா வாரம் மாடு பார்க்க அந்தப் பாலத்தைத் தாண்டிப் போகிறவர். "போன செவ்வாய்க்கிழமை ரெண்டு லாரி மாடு அதுமேல போச்சு. மாடு போற பாலத்துல குரங்கு தின்னி போக முடியாதா?" என்று கேட்டார். பாலத்தின் பேரைச் சொல்லி இனி தப்ப முடியாது. வரும் சனிக்கிழமையே போவதென்று உறுதியானது.

சரி, காவலரைப் பார்த்துவிட வேண்டியதுதான் என்று சிலேக்வா முடிவு செய்தார். மலாஷிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து அவரைக்காய் மூட்டை ஏற்றிவரும் லாரி தினமும் சந்தைக்கு வரும். இரண்டு கிலோ சர்க்கரைப் பொட்டலம் ஒன்று வாங்கினார். இந்தத் தேதியில் சிலேக்வா என்பவர் வந்தார், இடி போல் சத்தம் என்றார் என்று புத்தகத்தில் எழுதிவிடும்படி ஒரு சீட்டு எழுதி உள்ளே வைத்தார். லாரிக்காரரிடம் நீட்டினார்.

"மலாஷி காவலருக்குத்தானே?" என்றார் லாரிக்காரர், இவர் வாயைத் திறப்பதற்கு முன்பே.

எவ்வளவு சூட்டிகையான ஆள் என்று சிலேக்வா மெச்சிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. சீட்டில் ஆகஸ்ட் என்று எழுதிக் கொடுத்திருந்தார். நோட்டில் அக்டோபர் என்று இருந்தது. மறுநாள் இன்னொரு பொட்டலம், இன்னொரு சீட்டு: முன்பு சொன்ன தேதியை அடித்துவிட்டு இதை எழுதவும். லாரிக்காரர் சிரித்துக்கொண்டே வாங்கி வைத்தார். எதற்குச் சிரிக்கிறார் என்று கேட்க சிலேக்வாவுக்கு நேரமில்லை.

சனிக்கிழமை காலை எட்டுப் பேரும் பாதை முனையில் இறங்கினார்கள். பத்து நிமிடத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. சிலேக்வா ஒதுங்கி நின்று, சார், பெரியவங்க நீங்க முன்னால போங்க என்றார். இன்னிக்கு உங்க நாள், நான் எப்படி முந்தறது என்று சார் பின்வாங்கினார். நமுகொண்டா அம்மா குனிந்து ஷூ கயிற்றைக் கட்ட ஆரம்பித்தார், கட்டி முடிக்கவே இல்லை. மற்ற நாலு பேரும் வானத்தைப் பார்த்தார்கள். தன்னைச் சோதிக்கிறார்கள் என்று சிலேக்வாவுக்குப் பட்டது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இடது பக்கம் நடந்தார். அரை மணி நேரத்தில் ஒரு மரவள்ளித் தோட்டத்தில் போய் நின்றார்கள். கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்த பெண், அருவி அந்தப் பக்கம் என்று வலது பக்கம் கை காட்டினாள்.

"எனக்கு அப்பவே தெரியும்" என்றார் நமுகொண்டா அம்மா. "நூறாவது நடையில குறுக்க பேசக்கூடாதுன்னு இருந்தேன்."

அடுத்த பிரிவிலும் அதே மரியாதை, அதே ஷூ கயிறு. அந்தத் தடவை முழங்கால் வரை சேறு. வெளியே வந்து ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, வேர்க்கடலையும் சோளத்தில் காய்ச்சிய முன்கோயோ பானமும் எடுத்தார்கள். தூரத்தில் தண்ணீர்ச் சத்தம் லேசாகக் கேட்டது. சிலேக்வா தன் பங்குக் கடலையைப் பக்கத்தில் இருந்தவரிடம் தள்ளிவிட்டார். வருகைப் புத்தகத்தில் இப்போது தன் பெயருக்குப் பக்கத்தில் ஓர் அடித்தல் வேறு இருக்கும். அதற்கு என்ன காரணம் சொல்வது?

ஜேரேயைத் தனியாக அழைத்துப்போனார். எழவு வீட்டில் யாரும் சொல்ல முடியாததை மச்சான்தான் சபையில் சொல்வான், யாருக்கும் வலிக்காது. அந்த முறையை நம்பி எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"நீயே சொல்லிடு மச்சான். நீ சொன்னா தாங்கிக்குவாங்க."

ஜேரே அவரை ஒரு நிமிடம் பார்த்தார். அன்றைக்குத்தான் முதல் முறையாக அவர் முகத்தில் கேலி இல்லை. நடந்துபோய் எல்லோர் முன்னாலும் நின்றார்.

"இதோ பாருங்க, இது விளையாட்டு இல்ல. சிலேக்வா மலாஷியைப் பாத்ததே கிடையாது. செருப்பு பிஞ்சு பாதியில திரும்பிட்டான். அந்த முப்பத்தேழு பொய்."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தக் கேலிக்குக் கிடைக்க வேண்டிய சிரிப்பைவிட நாலு மடங்கு சிரிப்பு.

சிலேக்வா எழுந்தார். "அவன் சொல்றது நெசம்" என்றார்.

சிரிப்பு இன்னும் கூடியது. நமுகொண்டா அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மச்சானுக்கு விட்டுக்குடுக்கிறதுல நம்ம ஆளை மிஞ்ச முடியுமா?" என்று கலுங்கா சார் முதுகில் தட்டினார். ஜேரே சிலேக்வாவின் காதில், என்னால ஆனதைச் செஞ்சுட்டேன், இதுக்கு மேல சத்தியமா பண்ணட்டுமா என்று கேட்டுவிட்டு மிச்சக் கடலையைத் தின்னப் போனார்.

சத்தத்தைப் பிடித்துக்கொண்டே நடந்து, கடைசியில் மலாஷியை அடைந்தார்கள். அருவி ஒரு வீட்டுக் கூரை உயரம் இருந்தது. மழை நாளில் ஓட்டு விளிம்பிலிருந்து ஒழுகுகிற அளவுக்குத் தண்ணீர் விழுந்தது. அதன் அடியில் ஒரு வாத்து தூங்கிக்கொண்டிருந்தது.

"மூணு மின்கம்பம் எங்க?" என்றார் ஜேரே.

கலுங்கா சார் தொண்டையைச் செருமினார். "நான் வந்தப்ப இதைவிட நிறைய இருந்துது. இந்த வருஷம் மழை சரியில்ல."

"ஆமா, நான் வந்தப்ப காதை அடைச்சுது" என்றார் நமுகொண்டா அம்மா. மற்ற நாலு பேரும் தலையாட்டினார்கள். ஒருவர் அந்த நாள் தெறித்த சாரலில் சட்டை நனைந்ததைக்கூடச் சொன்னார்.

சிலேக்வாவுக்குக் கண் கலங்கிவிட்டது. என் மானத்தைக் காப்பாற்ற இத்தனை பேரும் கூசாமல் பொய் சொல்கிறார்களே, இந்த நல்ல மனிதர்களையா இத்தனை நாளாக ஏமாற்றினேன் என்று நினைத்தார். தகடும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், இந்தத் தடவை சத்தியம் செய்தே சொல்லிவிடுவது என்று தீர்மானித்து ஓர் அடி முன்னால் வைத்தார்.

அதற்குள் குடிசையிலிருந்து காவலர் வந்துவிட்டார். வயதானவர். வருகைப் புத்தகத்தைப் பிளாஸ்டிக் பையிலிருந்து பத்திரமாக எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, முழங்காலை மடித்து இரண்டு கையையும் மெல்லத் தட்டி எல்லோருக்கும் வணக்கம் சொன்னார். ஒவ்வொருவராகப் பெயர் கேட்டார். பெயர் சொல்லச் சொல்ல, புத்தகத்தின் முதல் பக்கத்தில் விரலை வைத்து, சந்தோஷமாகத் தலையாட்டிக்கொண்டே இறங்கினார். சிலேக்வா பெயரில் அடித்தல் இருந்த இடத்தைக்கூட ஒன்றும் சொல்லாமல் தாண்டினார். ஏழு பெயர் முடிந்து, எட்டாவதாக ஜேரே தன் பெயரைச் சொன்னபோது விரல் நின்றது. பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். அது வெறும் தாள். கண்ணை இடுக்கிக்கொண்டு ஜேரேயை மேலும் கீழும் பார்த்தார்.

"இவர் யாருங்க? இவர்கிட்டேர்ந்து மட்டும் இன்னும் சர்க்கரை வரலையே."