படிக்கட்டு இருமலும் நீலத் தட்டும்

பெருமதிப்புக்குரிய நூரி மாமாவுக்கு, ஸ்ஃபாக்ஸ் நகரத்திலிருந்து மருமகள் யுஸ்ரா எழுதுவது. கடலுக்கு அக்கரையில், மர்செய்யில் நீங்களும் மாமியும் குளிர் தாக்காமல் சுகமாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சுகம், அப்பாவின் இருமலைத் தவிர.

இது நெஞ்சில் வரும் இருமல் இல்லை மாமா, படிக்கட்டில் மட்டும் வருவது. முதலில் கவனித்தது நான்தான். நம் மாடியில் குடியிருக்கும் ஐவரி கோஸ்ட்டுக்கார அஃபுவே அக்கா, காலையில் வேலைக்கு இறங்கும்போது வழக்கம்போல "சலாம், ஹாஜி" என்றார். "வ அலைக்கும் சலாம், மகளே" என்று சொல்ல வேண்டிய அப்பா இருமினார். முந்தின நாள் மாலைதான் பெரிய தலைவர் தொலைக்காட்சியில் வந்து, தெற்கிலிருந்து வரும் கறுப்பு மக்கள் நம் நாட்டின் முகத்தையே மாற்றப் பார்க்கிறார்கள் என்று பேசியிருந்தார். அதைக் கேட்டுவிட்டு அப்பா எழுந்து போய்க் கண்ணாடி பார்த்தார். "மாத்தட்டுமே, உங்க முகத்துக்கு நல்லதுதானே?" என்றாள் அம்மா. அப்பா சிரிக்கவில்லை. காப்பிக் கடையில் கேட்டதையும் சேர்த்துக்கொண்டு வந்தவர், வெள்ளிக்கிழமைக்குள் வீட்டைக் காலி செய்யும்படி அக்காவிடம் சொல்லிவிட்டார். "ஊரே சொல்லுது" என்றார். "ஊர் கெடக்கட்டும், இத்தன நாளா நம்ம தலைக்கு மேலேயே இருக்கா, அவ செஞ்ச தப்பு ஒண்ணு நீங்க சொல்லுங்க பார்ப்போம்" என்றாள் அம்மா. அப்பா வெகுநேரம் யோசித்து, "மாடிப்படியை ரொம்பக் கூட்டுறா" என்றார்.

அப்போதுதான் நீலத் தட்டு குறுக்கே வந்தது. அக்கா பொரித்த வாழைப்பழம் வைத்து அனுப்பிய தட்டு நம் அடுப்படியில் இருந்தது. "அதைக் குடுத்துட்டு வா, அதோட சகவாசம் முடிஞ்சுது" என்றார் அப்பா. "வெறுந்தட்டையா? எங்க வீட்டுல யாரும் அப்படிக் குடுத்ததில்ல. அப்புறம் வீட்டுல பரக்கத் தங்காது, எல்லாம் வத்திப்போகும், சொல்லிட்டேன்" என்றாள் அம்மா. அந்தப் பயம் அப்பாவுக்கும் உண்டு. எனவே பேரீச்சம்பழம் வைத்துப் பொரித்த மக்ரூத் பலகாரத்தைத் தட்டு நிறைய அடுக்கி என்னிடம் கொடுத்தார்கள். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் திறக்காது, உங்களுக்குத்தான் தெரியுமே, பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து அது இன்னும் மோசம். வாசலில் வைத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன். அக்காவின் ஊரிலும் இதே வழக்கம் போலிருக்கிறது. மறுநாள் அதே தட்டு மீனும் சோறுமாக இறங்கி வந்தது. "அது அவ தட்டுதானே, ஏன் திருப்பி அனுப்புறா?" என்று அப்பா கத்த, மேலிருந்து அக்கா, "ஹாஜி, அது உங்க தட்டு இல்லையா?" என்று கேட்க, உண்மையில் அது யாருடைய தட்டு என்று யாருக்குமே நினைவில்லை. அப்பா தந்திரமாக அதை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். "இனி எதுல அனுப்புறான்னு பார்க்கிறேன்."

ஒரு பானையே இறங்கியது மாமா. மிளகாய்க் குழம்பு. ஹரீஸா மிளகாய் விழுது அரைப்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று பீற்றிக்கொள்ளும் அப்பா, ருசி பார்க்கிறேன் என்று உட்கார்ந்து, கண்ணும் மூக்கும் ஒழுகப் பானையின் அடிவரை வழித்துவிட்டு, "காரம் தெரிஞ்ச ஜனம்" என்றார். பிறகுதான் அவருக்கு உறைத்தது, இவ்வளவு பெரிய பானையை எதைக் கொண்டு நிரப்புவது?

வெள்ளிக்கிழமை அம்மா கோதுமை ரவையில் குஸ்குஸ் செய்து, ஆட்டுக்கறியும் பூசணியும் மேலே வைத்தாள். பானை என்னால் தூக்க முடியாத கனம், அதனால் அப்பாவே தூக்கினார். நான் பின்னால் போனேன். அக்கா மூட்டையெல்லாம் கட்டி வாசலில் வைத்திருந்தார். கண் சிவந்திருந்தது. "இந்தாங்க ஹாஜி, சாவி" என்று நீட்டினார். அப்பாவின் இரண்டு கையிலும் பானை, சாவி வாங்கக் கை இல்லை. "இரு மகளே, முதல்ல இதை எங்க வைக்கிறதுன்னு சொல்லு, கை வேகுது!" என்றார். மூட்டையை நகர்த்தித்தான் பானைக்கு இடம் செய்ய வேண்டியிருந்தது. அப்புறம் எல்லோரும் அதைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டோம். சாவியை யாருமே கேட்கவில்லை. மறுநாள் காலை படிக்கட்டில் இருமல் இல்லை, சலாம்தான்.

அங்கே குடியேறிய நம்மவர்களைப் பழித்து ஒரு தலைவர் பேசின மறுநாளிலிருந்து ரொட்டிக்கடைக்காரர் உங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை என்று போனில் வருத்தப்பட்டீர்களே, அவருக்கும் இருமல்தான் மாமா. ஒரு தட்டு அனுப்பிப் பாருங்கள். மாமியின் கைக்கு முத்தம். உங்கள் அடுப்பு அணையாமல், கதவு அடைபடாமல் இறைவன் காக்கட்டும்.

இப்படிக்கு,
யுஸ்ரா

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது பெரிய தலைவர் மறுபடி தொலைக்காட்சியில் பேசினார். அப்பா சத்தத்தைக் கூட்டிவைத்துக் கேட்டார். அக்கா வேலை முடிந்து படியேறும் ஓசை வந்ததும் வாசலில் நின்றிருந்த அப்பா தொண்டையைச் செருமினார், பிறகு இருமினார். நான் அலமாரிப் பூட்டைத் திறந்து, நீலத் தட்டை எடுத்து, மக்ரூத் அடுக்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். கதவைத் தட்டிவிட்டு, திறக்கும்வரை அங்கேயே நின்றேன்.