மூன்று மோட்டார் சைக்கிள்களும் ஒரு பின்சீற்றும்

திருகோணமலை,
12.08.1997

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய மருமகன் கோணேஸ்வரன் அவர்களுக்கு,

கோணேசர் துணையால் நான் இங்கே சுகமாக இருக்கிறேன். நோர்வேக் குளிரில் நீங்களும் மகளும் பேரக்குட்டியும், உங்களோடு இருக்கும் என் மனைவி புஷ்பவதியும் சுகமென்று நம்பி எழுதிக்கொள்வது.

நீங்கள் அனுப்பிய மோட்டார் சைக்கிள் புத்தகம் கிடைத்தது. காடுமேடெல்லாம் ஓடக்கூடிய சின்ன வண்டிகள் என்று நீங்கள் சிவப்பு மையால் குறி போட்ட படங்களைப் பார்த்தேன். ஒன்றில் ஒருவர் பாலைவனத்தைத் தாண்டுகிறார். மாமா வேலைக்குப் போகிற குச்சவெளி றோட்டுக்கு இதுதான் சரி என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பாலைவனத்தில் ஆமி மறித்துச் சோதிக்கும் சென்றி ஒன்றும் காணப்படவில்லை என்பதைத் தவிர, மற்றதெல்லாம் பொருத்தம்தான்.

என் பழைய வண்டி உயிரை விட்ட கதையை நான் முழுக்க எழுதவில்லை. மாடுகளுக்குப் போடும் ஊசிமருந்தை ஐஸ்பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு நிலாவெளி தாண்டிப் போகையில் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. நாலு மைல் தள்ளினேன். சென்றியில் நின்ற ஆமிக்காரர், வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறவன் ஏதோ திட்டத்தோடுதான் வருகிறான் என்று எண்ணி, சீற்றைக் கழற்றச் சொல்லி, ஐஸ்பெட்டியைத் திறக்கச் சொல்லி, இது மாட்டு மருந்து என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் நான் சொன்னதைத் தன்னை மாடு என்கிறேன் என்று விளங்கிக்கொண்டு கோபித்து, பிறகு அவருடைய பெரியவர் வந்து, தன் வீட்டிலும் ஒரு பசு நிற்கிறது, மடி வீங்கியிருக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டு, நான் வைத்தியம் சொல்லி முடிய ஐஸ் முழுக்க உருகிப் போயிற்று. மிருக வைத்தியக் கந்தோருக்கு வந்து, பழுதாய்ப்போன மருந்தைக் கொட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். இப்படி ஒன்று நடந்தால் வீட்டில் யாருக்காவது சொல்லிச் சிரிக்க வேண்டும். றேடியோவைப் போட்டேன். அது தன்பாட்டுக்குக் கதைத்தது.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை கிண்ணியாவில் பழைய வண்டி விற்கும் பாயிசிடம் போனேன். மூன்று நின்றன. மஞ்சள் வண்டி மணலில் நன்றாக ஓடியது. ஆனால் அது போட்ட சத்தத்துக்கு, வேலியோரம் படுத்திருந்த எருமைகள் எழும்பித் தண்ணீருக்குள் இறங்கிவிட்டன. மாட்டுக்கு ஊசி போடப் போகிறவனுக்கு மாடு நிற்பது முக்கியம் அல்லவா? சிவப்பு வண்டி அமைதியானது, பின்சீற் நல்ல நீளம், உயரம்தான் கூட. துறையடி வரை ஓட்டிப் பார்த்தேன். படகுக்குக் காத்துநின்ற சனத்தின் முன்னால் நிற்பாட்டிக் காலை ஊன்றப் போனால் நிலம் எட்டவில்லை. வண்டியோடு மெதுவாகச் சாய்ந்தேன். மீன்பெட்டிக்காரர்கள் தூக்கி நிறுத்திச் சோடா வாங்கித் தந்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்கு வயது போய்விட்டது என்று அப்போதுதான் தெரிந்தது. பச்சை வண்டி உயரம் குறைந்தது, எனக்கே அளவெடுத்துச் செய்தது போல. ஆனால் யாரோ தோட்டத்துக்குப் பாவித்தது. பின்சீற் இல்லை, அந்த இடத்தில் சாமான் கட்டும் இரும்புத் தட்டு.

நான் சிவப்பின் பின்சீற்றைக் கையால் அமத்தியும், கால் வைக்கும் கம்பியின் உயரத்தைச் சாணால் அளந்தும் பார்த்துக்கொண்டு நின்றேன். சேலையோடு ஒருவர் ஒருபக்கமாக இருக்கலாமா என்று கேட்டேன். பாயிஸ் நல்ல மனிதர், மனதில் ஒன்றும் வைத்துக் கேட்கவில்லை.

"சேர், உங்களுக்குப் பின்னால ஆர் இருக்கப்போறா?" என்றார்.

உங்கள் மாமி பிள்ளைப்பேறு பார்க்கவென்று ஆறு மாதத்துக்குப் போனவ. இந்த ஆவணியோடு மூன்று வருஷம். அதை அவருக்கு எங்கே தொடங்கிச் சொல்வது?

"ஒரு ஆள் வருவா," என்றேன்.

அவர் ஒரு துணியை எடுத்து அந்தச் சீற்றைத் துடைத்துவிட்டார்.

ஆதலால் சிவப்பையே எடுப்பது என்று தீர்மானித்துவிட்டேன். அடி தடித்த சப்பாத்து ஒன்று வாங்கினால் கால் எட்டும். மாமி வந்தால், உவர்மலையில் இருக்கும் தன் தங்கச்சி வீட்டுக்கு பஸ்ஸைப் பார்த்து நிற்காமல் போய்வரலாம். இதை அவவிடம் சொல்லவும். அவசரப்படுத்த வேண்டாம், கதையோடு கதையாகச் சொல்லவும்.

பேரக்குட்டியின் இரண்டு கன்னத்துக்கும் என் முத்தம். நீங்கள் எல்லோரும் ஒரு குறையும் இல்லாமல் நெடுங்காலம் வாழ வேண்டும் என்று கோணேசரைக் கும்பிட்டபடி,

உங்கள் மாமா,
சி. ஞானசேகரம்

பி.கு.: இதை மடித்துத் தபாலில் போடப் புறப்படும்போது மாமியின் கடிதம் வந்தது. மகளைக் கொண்டு எழுதுவிக்காமல் தன் கையாலேயே எழுதியிருக்கிறா. மகளுக்கு அடுத்த பிள்ளை கிடைக்க இருக்கிறதாம். வாழ்த்துகள். தனக்கு அங்கேயே இருக்க விசாவும் கிடைத்துவிட்டதாம், இனி வருவதாக இல்லையாம், நீங்களும் வாருங்கோ, ஊரில் என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறா. குச்சவெளியில் மட்டும் நானூறு மாடுகள் இருக்கின்றன. ஊசி போட வேறு ஆள் இல்லை. பின்னேரம் கிண்ணியாவுக்குப் போய்ப் பச்சையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டு காலும் நிலத்தில் நன்றாக ஊன்றுகின்றன. கடிதத்தை மாமிக்கு வாசித்துக் காட்டுங்கள், இந்தப் பின்குறிப்பை மட்டும் கிழித்துவிடுங்கள். அவ கேட்டால், மாமா சிவப்பைத்தான் எடுத்தவர் என்று சொல்லுங்கள்.