துவாஸ் துணை மின்நிலையத்தில் புகை வந்த விவரம்

பாசிர் ரிஸ், சிங்கப்பூர்,
சனிக்கிழமை.

மரியாதைக்குரிய அத்தான் கோவிந்தசாமி அவர்களுக்கு, தங்கள் மைத்துனன் தனசேகரன் எழுதுவது. திருச்சி வைத்தியத்தில் தங்கள் முழங்கால் முன்பைவிட நன்றாக மடங்கும் என நம்புகிறேன். இங்கு அனைவரும் சுகம். அபாய மணிதான் இன்னும் காதில் அடிக்கிறது.

நேற்று துவாஸில் நடந்ததைப் பழைய நிருபன் என்ற முறையில் எழுதி அனுப்பச் சொன்னீர்கள். திங்கட்கிழமை இயக்குநர் கூட்டத்தில் அதைப் போனிலேயே வாசித்து, மகள் வைஷாலியின் மின்சாரப் பிரிவை மூடப் போவதாகவும் சொன்னீர்கள். ஆகவே நிதானமாக எழுதுகிறேன்.

முப்பது வருடம் அடுக்குமாடிச் சுவர் எழுப்பிய கம்பெனிக்குக் கரண்டு எதற்கு என்று எனக்கும் புரியவில்லை. தங்கள் மகளிடமே கேட்டேன். "மாமா, பில்டிங்கை ஒரு தடவைதான் கட்டுவோம். அப்புறம் காருக்கு, கம்ப்யூட்டருக்கு, எல்லாத்துக்கும் தினமும் கரண்டு வேணும்ல? முதல்ல சப்ஸ்டேஷன், அடுத்து கேபிள், அப்புறம் கூரையில சோலார். அஞ்சு வருஷத்துல நம்ம பாதி வேலை இதுதான்" என்றாள். எனக்கு ஆர்வம் தாங்கவில்லை, நேற்று துவாஸ் துணை மின்நிலையத்தில் அவள் வைத்த பூஜைக்கே போய்விட்டேன்.

பாதுகாப்பு அதிகாரி நூர்தீன் எலுமிச்சைக்கு அனுமதி கொடுத்தார், தேங்காயைக் கேட்டுக்கு வெளியே உடைக்கச் சொன்னார், கற்பூரம் மட்டும் கூடாது என்று பேட்டரி விளக்கை நீட்டினார். "இதை வச்சு எப்படிங்க ஆரத்தி காட்டுறது?" என்றார் குருக்கள். "கரண்டு வேலைதானே ஐயரே, சாமி புரிஞ்சுக்கும் லா" என்றார் நூர்தீன். சரியாக 10.12க்கு மூலையில் கற்பூரப் புகை, உடனே மணி, சாதாரண மணியா அத்தான் அது, காதே கிழிஞ்சுபோச்சு, குருக்கள் ஹெல்மெட்டோட முன்னால ஓடுறார், நான் பின்னால ஓடுறேன், ரெண்டே நிமிஷத்துல நாற்பத்து மூணு பேரும் வெளியே வரிசையா நிக்கிறோம். அந்த நேரம் பார்த்து, வேலை கொடுத்த நிறுவனத்தின் எஞ்சினியர் மிஸ் டான் வந்து இறங்கினார். தீயணைப்புப் பயிற்சியா, இத்தனை வேகமா என்று வியந்தார். பயிற்சி இல்லை, எங்கள் ஆள் யாரோ கற்பூரம் கொளுத்திவிட்டார் என்று வைஷாலி மறைக்காமல் சொன்னாள். இப்படி மறைக்காமல் சொல்பவர்கள்தான் வேண்டும் என்றார் மிஸ் டான். அடுத்த துணை மின்நிலையத்துக்கும் விலை அனுப்பச் சொல்லிவிட்டுப் போனார்.

கொளுத்தியவர் யார்? நாற்பத்து இரண்டு பேரை விசாரித்தேன். அவர்களில் எவரும் இல்லை.

அக்காவுக்கு என் அன்பு. தங்கள் முழங்காலும் கம்பெனியும் முருகன் அருளால் உறுதியாக நிற்கட்டும்.

தங்கள்,
தனசேகரன்

பின்குறிப்பு: இதை மட்டும் கூட்டத்தில் வாசிக்க வேண்டாம். நாற்பத்து மூன்றாவது ஆள் நான். "கற்பூரம் இல்லாத பூஜை விளங்காதுடா, யாருக்கும் தெரியாம நீ கொளுத்திடு" என்று திருச்சிக்குக் கிளம்பும்போது சாங்கி விமான நிலையத்தில் தாங்கள் என் சட்டைப் பையில் திணித்த பொட்டலத்தில் ஒரு வில்லைதான் செலவு. மீதி ஒன்பதும் பத்திரம். பிரிவை மூடுவதாக இருந்தால் சொல்லுங்கள். பொட்டலத்தோடு நானே கூட்டத்துக்கு வருகிறேன்.