அத்தான் ஓடிப்போன சனிக்கிழமை

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. இதை ஒத்துக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை, ஏனென்றால் மறைக்க வழியில்லை. தபாற்பெட்டிக்குள் மஞ்சள் உறை கிடந்தால் (ஜேர்மனியில் அரசாங்கம் மஞ்சள் உறையில்தான் மிரட்டும்) அதைப் பிரிப்பது என் மனைவி ஜெனியின் வேலை. நான் குசினி அடுப்படியில் நின்றுகொண்டு "என்னவாம்?" என்று கேட்பேன்.

அப்படிப்பட்ட நான் ஒரு தடவை துணிந்து ஒரு காரியம் செய்தேன். யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் அக்காவின் கணவருக்கு, எசன் நகரத்தில் இருக்கும் எங்கள் வீட்டைப் பார்க்க ஆசை. அத்தானுக்கு நான் பொறுப்பு, விசா முடிய முதல் திரும்பிப் போவார் என்று வெளிநாட்டவர் அலுவலகத்தில் கையெழுத்து வைத்தேன். அன்றிலிருந்து எனக்குப் பாதி நித்திரை போயிற்று.

மீதிப் பாதியைத் தமிழ்க்கடை யோகன் அண்ணை பறித்தார். "தம்பி, கடைசிக் கிழமைதான் கவனம். அதுவரைக்கும் வந்தவை நல்லாத்தான் இருப்பினம். பிறகு ஒருநாள் உலாத்தப் போறம் எண்டு போய், பிரான்சில நிண்டு போன் அடிப்பினம்" என்றார், கத்தரிக்காய் நிறுத்தபடியே.

அத்தான் ஓய்வுபெற்ற தபாலதிபர். அதிர்ந்து பேசாத மனிதர். ஆனாலும் அவருடைய விசாவின் கடைசி வாரத்தில், ஒரு சனிக்கிழமை, நாங்கள் மார்புர்க் நகரம் பார்க்கப் போனபோது, ரயிலில் அவர் சும்மா கேட்ட ஒரு கேள்வியில் எனக்கு யோகன் அண்ணையின் குரல் கேட்டது.

"தம்பி, இந்தத் தண்டவாளம் அப்பிடியே பிரான்சு வரைக்கும் போகுமோ?"

மார்புர்க் படத்தில் மிக அழகு. மலைச்சரிவு நிறையப் பழைய மரச்சட்ட வீடுகள், உச்சியில் ஒரு கோட்டை. அது முழுக்க முழுக்க ஏறிப் பார்க்கவேண்டிய அழகு என்பது படத்தில் தெரியவில்லை. ஒரு படிக்கட்டு முடிந்தால் ஒரு ஒழுங்கை, ஒழுங்கை முடிந்தால் அடுத்த படிக்கட்டு. நான் கொடி பிடிக்காத வழிகாட்டியாக முன்னால் போனேன்.

"இன்னும் கொஞ்சம்தான், அத்தான்."

"இதைத்தான் நீ கீழையும் சொன்னனி" என்றார் அத்தான், முழங்காலைப் பிடித்தபடி. எங்காவது இருப்போமா என்று பார்த்தால் கோப்பிக் கடைக் கதிரைகள்தான் இருந்தன. அதற்கு அவர் சம்மதிக்கவில்லை. "கோப்பி குடிச்சால் பிறகு இந்த மலையில கக்கூசு தேடவேணும்."

ஒரு வளைவில் கோட்டை தெரிந்தது. ஜெனியை நிறுத்திப் படம் எடுத்தேன். "அத்தான், நீங்களும் வாங்கோ" என்று திரும்பினேன். அத்தானைக் காணவில்லை.

முதலில் சிரித்தேன். பிறகு மேலே ஓடினேன், கீழே ஓடினேன், ஒவ்வொரு ஒழுங்கைக்குள்ளும் தலையை விட்டு "அத்தான்!" என்று கத்தினேன். சன்னல்கள்தான் திறந்தன. அவருடைய தொலைபேசியோ ஜெனியின் கைப்பைக்குள் கிடந்தது. பயம் வந்தால் என் மூளை ஒரு துப்பறிவாளராக மாறிவிடும். கடவுச்சீட்டு அவருடைய உட்சட்டைப் பைக்குள். இரண்டு கம்பளிச்சட்டை போட்டிருந்தார் (குளிருக்கு என்று அப்போது நினைத்தேன்!). எல்லாவற்றுக்கும் மேலே, பிரான்சு.

"பொலிசுக்குச் சொல்லுவம்" என்றாள் ஜெனி.

"உனக்கென்ன விசரோ? நானே காட்டிக் குடுக்கிறதோ?"

"அப்ப நிண்டு அழுங்கோ."

நான் உண்மையாகவே அழுகிற நிலையில்தான் இருந்தேன். மஞ்சள் உறைகள் வரிசையாக வருவது தெரிந்தது. கணக்குச் சரிவருவதற்காக அத்தானின் விமான ஆசனத்தில் என்னை ஏற்றி அனுப்புவார்கள் என்றுகூட நினைத்தேன். ஏதாவது செய்யவேண்டும் என்ற அவசரத்தில் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அக்கா, அத்தான் ஓடிட்டார்."

அக்கா கேட்டார்: "ஆரோட?"

நான் விளங்கப்படுத்தினேன். விசா, கடைசிக் கிழமை, பிரான்சு. அக்காவின் குரல் மாறியது. "அடேய், பஸ் வெளிக்கிட்டாலும் ஓடாத மனுசனடா அது! முழங்கால் ஏலாது. மலையில எங்க விழுந்து கிடக்கோ தெரியேல்லை, நீ உன்ர கையெழுத்தைப் பற்றிக் கதைக்கிறாய்?"

அவர் விழுந்திருக்கக்கூடும் என்பது அதுவரை என் நினைவுக்கே வரவில்லை. அந்த ஈரக்கற் படிகளில் அவர் கிடப்பதாக நினைத்தபோதுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. கூடவே வெட்கமும் வந்தது. தொலைபேசியை அணைக்கவும் மறந்து கீழே ஓடினேன்.

சந்தைச் சதுக்கத்துக்குக் கிட்ட ஒரு சப்பாத்துக் கடை. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சிவப்பு மெத்தைக் கதிரை. அதில் அத்தான். சுற்றிவரச் சப்பாத்துப் பெட்டிகள். விற்பனைப் பெண் முழந்தாளிட்டு அவருடைய காலில் ஒரு சப்பாத்தை மாட்டிக்கொண்டிருந்தாள்.

நான் உள்ளே பாய்ந்து அவருடைய கையை இறுக்கிப் பிடித்து விம்மினேன். அந்தப் பெண் பயந்து எழும்பிவிட்டாள்.

"கதிரை கண்டன், இருந்தன்" என்றார் அத்தான், குற்றவாளிபோல. "உடன இந்தப் பிள்ளை சப்பாத்தைக் கழட்டிப் போட்டுது. இவ்வளவு மரியாதையாச் செய்யேக்க இடையில எழும்பி வரலாமோ?"

என் சட்டைப்பையிலிருந்து அக்காவின் குரல் கேட்டது. "ஆளிட்டைக் குடு. இஞ்சாருங்கோ, நீங்கள் ஓடிட்டியளாம்!"

அத்தான் அக்காவுடன் பேசி முடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வீடு திரும்பும் ரயிலில்தான் வாய் திறந்தார். "நீ சண்டைக்குள்ளால ஓடிவந்த நேரம் உனக்கு வேற வழி இருக்கேல்லை, தம்பி. அதுக்காக எல்லாரும் ஓடத்தான் வருவினம் எண்டு நினைக்கிறதோ? எனக்கு அங்க உன்ர அக்கா இருக்கிறா." சொன்ன நாளில், சொன்ன விமானத்தில், புதுச் சப்பாத்தோடு அவர் போனார்.

போன வருடம் நான் யாழ்ப்பாணம் போனேன். ஜேர்மன் கடவுச்சீட்டு, சுற்றுலா விசா. ஒரு காலை, சொல்லாமல் கொள்ளாமல் சந்தி பேக்கரிக்குப் போய்ப் பாண் வாங்கிக்கொண்டு திரும்பினால், அத்தான் வேலிப் படலையில் நின்று அயலட்டை முழுக்கக் கேட்கும்படி கத்துகிறார். "ஆளைக் காணேல்லை! விசா முடியிற கிழமை! உவனுக்கு ஆர் கையெழுத்து வச்சது?"

எங்கள் குடும்பத்தில் யார் கழிப்பறைக்குப் போனாலும் இப்போது இதே பகிடிதான். வேலிக்கு அந்தப் பக்கமும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. பாணை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு சொன்னார்: "ஓடினா ஓடட்டும், இஞ்சதானே நிப்பான். முன்னறை சும்மாதானே கிடக்கு."