ஒன்பது முதல் இரண்டு வரை

முதலில் டம்ளர்கள்தான் முனகின. அடுக்களை அலமாரியில் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு, குளிர்ஜுரம் வந்தவன் பல் மாதிரி கிடுகிடுவென்று. பிறகு ஜன்னல் கண்ணாடி. அதற்கும் பிறகுதான் அந்தப் பெரிய சத்தம். வானத்தில் யாரோ நூறு அடி நீளத் தகரத்தைக் கயிறு கட்டித் தரதரவென்று இழுத்துக்கொண்டு போகிற சத்தம். ரகுபதி கண்ணைத் திறந்தபோது பார்ப்பதற்கு எதுவுமே இல்லை. கரண்ட் போய் நின்றிருந்த மின்விசிறி மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

மணி காலை பத்தரை. அவனுக்கு அதுதான் நடுச்சாமம்.

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாக நைட் ஷிஃப்ட் பார்க்கிறவன் ரகுபதி. பகல் ஷிஃப்ட் முறை வந்தாலும் யாருக்காவது தள்ளிவிட்டுவிடுவான். ராத்திரியில்தான் மனிதன் யோசிக்க முடியும் என்பது அவன் கட்சி. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், மீதியைப் படப்பை நூலகத்தில் அலமாரி அலமாரியாகப் படித்துத் தீர்த்தான். அதில் வந்த ஒரே லாபம், சந்தோஷமாக இருக்கவேண்டிய நேரத்தில்கூட எதையாவது நினைத்துப் பெருமூச்சு விடக் கற்றுக்கொண்டது.

அவன் வீடு சேரப்பணஞ்சேரியில். ஊருக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன விமான நிலையம். பயணிகளுக்கென்று கட்டியது. நாளைக்கு இரண்டே விமானம். தும்பி மாதிரி வந்து தும்பி மாதிரி போகும். இரண்டு மாதமாக ராணுவத்துப் பயிற்சி விமானங்கள் அங்கே இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தன. காலை ஒன்பது முதல் சாயங்காலம் நாலு வரை. ஊரே விழித்திருக்கிற நேரம்தானே என்று யாரோ நல்ல எண்ணத்தில்தான் நேரம் குறித்திருக்க வேண்டும். பகலில் தூங்குகிறவர்கள் இந்தப் பக்கம் ஆயிரக்கணக்கில் உண்டு என்பதை அந்த யாரோவுக்கு யாரும் சொல்லவில்லை.

முந்தாநாள் ஷிஃப்டில் அது நடந்தது. பிரஸ் மெஷினில் தகடு வைக்கும்போது ரகுபதிக்கு ஒரு கணம் கண் செருகிவிட்டது. கை உள்ளே. நல்லவேளை, சென்சார் விழித்திருந்தது. மெஷின் நின்றது. பக்கத்து மெஷின் சுடலைக்கண்ணு, திருநெல்வேலிக்காரன், முகம் வெளுத்து ஓடி வந்தான்.

"அண்ணாச்சி, வெரல எண்ணிப் பாருங்க!"

எண்ணினான். பத்தும் இருந்தன.

"வூட்ல சொல்லிடாதடா."

"நான் எதுக்குச் சொல்லுதேன்" என்றான் சுடலைக்கண்ணு. சொல்லப்போகிறவர்கள் எப்போதும் இப்படித்தான் சொல்வார்கள்.

அன்றே ரகுபதி ஒரு மகத்தான முடிவுக்கு வந்தான். அமைதிப் போராட்டம்! பயணிகள் விமான நிலையம் பயணிகளுக்கே! ராணுவம் வெளியேறும் வரை அறவழி! ஒரு நாள் உண்ணாவிரதம்!

இதில் ஒரு சிக்கல். அவன் மனைவி மரகதத்துக்கு அதே விமான நிலையத்தில் ஹவுஸ்கீப்பிங் வேலை. காண்டிராக்ட். தெரிந்தால் தடுப்பாள். ஆகவே பரம ரகசியம். போராட்டத்துக்கு ஒப்புக்கொண்ட நாற்பத்து மூன்று பேருக்குத் தெரியும். அவர்கள் வீடுகளுக்குத் தெரியும். கம்பெனி பஸ் டிரைவருக்குத் தெரியும். அனுமதி கேட்டு எழுதிக் கொடுத்த போலீஸ் ஸ்டேஷனுக்குத் தெரியும். மரகதத்துக்கு மட்டும் தெரியக் கூடாது.

தினமும் காலையில் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் ரகுபதிக்கு வீட்டில் ஒரு வேலை உண்டு. கொல்லையில் முருங்கை மரம். மரகதம் நாலு கொப்பு ஒடித்து முறத்தில் போட்டுவைப்பாள். அவன் உட்கார்ந்து கீரை ஆய்வான். கடைசிக் கொப்பு முடிவதற்குள் கொட்டாவி வரும். படுப்பான். பதினெட்டு வருஷ வழக்கம். தலைவனான மறுநாளே அதை நிறுத்தினான்.

"இன்னாய்யா, கீரை அப்டியே கீது?"

"எனக்கு வேற வேலை கீது மே."

"இன்னா வேலை?"

"எழுதிகினு கீறேன்."

"யாருக்கு லெட்டரு?"

"நாட்டுக்கு."

"ராத்திரிக்கு இன்னா பொரியல்னு அந்த நாட்டையே கேட்டு வெச்சுக்க" என்று சொல்லிவிட்டு யூனிஃபார்மை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

எழுதியது சொற்பொழிவு. பதினோரு பக்கம். அதில் எட்டாம் பக்கம்தான் முக்கியம். யாரிடமும் சொல்லாத ஒரு பழைய கதை அதில்தான் இருந்தது.

பதினான்கு வருஷத்துக்கு முன்னால், கம்பெனி வாசலில் ஐம்பது காண்டிராக்ட் ஆட்கள் நிரந்தர வேலை கேட்டு உட்கார்ந்தார்கள். முதல் வரிசையில் அப்பாவு. ரகுபதிக்கு நெருங்கிய சினேகிதன். 'நீயும் வர்றல்ல?' என்று முந்தின நாள் கேட்டான். 'வராம?' என்றான் ரகுபதி. மறுநாள் கம்பெனி பஸ் அந்த வாசலைத் தாண்டியபோது உள்ளே இருந்த ரகுபதி ஜன்னல் திரையை இழுத்துவிட்டுக்கொண்டான். அவ்வளவுதான் செய்தான். ஒரு சாண் துணி. ஐம்பது பேருக்கும் வேலை போயிற்று. அப்பாவு இப்போது பஸ் நிற்கும் இடத்தில் டீக்கடை வைத்திருக்கிறான். பதினான்கு வருஷமாக ரகுபதிக்கு முதல் டீயை எடுத்துக் கொடுக்கிறான். ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் எவ்வளவோ தேவலை.

"வர்ற வியாழக்கெழம, ஏர்போர்ட் வாசல்ல ஒக்கார்றோம் அப்பாவு. நான் பேசறேன். நீ வரணும்."

அப்பாவு டீயை ஆற்றினான். "எத்தினி மணிக்கு?"

"காலைல எட்டு."

"ஏம்பா, அவ்ளோ காலைலயா?"

இங்கேதான் அந்தத் தப்பு நடந்தது. கூட்டம் என்றால் வேலை முடிந்து சாயங்காலம் வைப்பதுதானே உலக வழக்கம்? நைட் ஷிஃப்டுக்காரனுக்குக் காலை எட்டு மணிதான் சாயங்காலம். நாற்பத்து மூன்று பேரும் யோசிக்காமல் தலையாட்டினார்கள். ஷிஃப்ட் முடிந்து நேராகப் பஸ்ஸிலிருந்து பந்தல். அதற்கு அப்புறம் வருவது தங்களுடைய ராத்திரி என்பது ஒருவனுக்கும் உறைக்கவில்லை.

வியாழக்கிழமை. விமான நிலையச் சாலை ஓரத்தில் ஷாமியானா. தரையில் ஜமுக்காளம். மூன்று பஸ்களிலிருந்து நாற்பத்து மூன்று பேர் இறங்கி வந்தார்கள். பார்த்ததும் ரகுபதிக்கு நெஞ்சு விம்மியது. அப்பாவு கடையைச் சாத்திவிட்டு வந்து, பேசாமல் பின்வரிசையில் உட்கார்ந்தான். அதைப் பார்த்ததும் நெஞ்சு இன்னொரு சுற்று விம்மியது.

அப்போது ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. இரண்டு பெரிய அண்டா இறங்கியது. அதற்குப் பின்னால் மரகதம் இறங்கினாள்.

ரகுபதி சொற்பொழிவை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். "நீ... நீ எங்கமே இங்க?"

"ஒனக்குத் தண்ணி கேன் வெக்கணும்னு ஒரு வாரமா எனக்குத்தான்யா ஆர்டரு. போராட்டத்துக்கு நாலு கேனு, ரெண்டு குப்பத்தொட்டி. பேப்பர்ல அமைப்பாளர் பேரு போட்டு கீது. ரகுபதி, சேரப்பணஞ்சேரின்னு. அந்த ஊர்ல எத்தினி ரகுபதி?"

"ஒன் வேலைக்கு எதனா..."

"அத நான் பாத்துக்கறேன். மொதல்ல எல்லாம் சாப்புடுங்க."

"மரகதம், இது உண்ணாவிரதம்!"

"எத்தினி மணிலேர்ந்து?"

"பத்து."

"இப்போ எட்டேகால். பத்து மணிக்கி மேல ஒரு பருக்க தொடாத. யாரு வாணான்னாங்க?"

அண்டாவைத் திறந்தாள். வெண்பொங்கல். மிளகும் முந்திரியும் நெய்யில் நீந்திக்கொண்டிருந்தன. இன்னொன்றில் மெதுவடை. விடிய விடிய மெஷினோடு மல்லுக்கட்டிய நாற்பத்து மூன்று வயிறுகள் ஒரே நேரத்தில் கொள்கையைப் பரிசீலனை செய்தன.

"வெறும் வயித்தோட கோஷம் போட்டா தொண்ட கட்டிரும்லா, அண்ணாச்சி" என்றான் சுடலைக்கண்ணு. அதற்குள் அவன் கையில் இரண்டாவது வடை.

மரகதம் வரிசையாகப் பரிமாறினாள். போதும் என்றவனுக்கு ஒரு கரண்டி. வேண்டாம் என்றவனுக்கு இரண்டு கரண்டி. கணவன் தட்டில் மட்டும் கை நடுங்காமல் மூன்று கரண்டி நெய் ஊற்றினாள்.

மணி ஒன்பது. ரகுபதி வானத்தைப் பார்த்தான். முதல் விமானம் வந்ததும் முதல் கோஷம் என்று ஏற்பாடு. ஒன்பதே கால். வானத்தில் ஒரு பருந்து மட்டும் வட்டம் போட்டது. ஒன்பதரை. நிசப்தம். இரண்டு மாதத்தில் கேட்டிராத நிசப்தம். பக்கத்துப் புங்க மரத்தில் காற்று வருவதுகூடக் கேட்டது. முதலில் பின்வரிசையில் ஒருத்தன் சாய்ந்தான். அவன் தோள்மேல் அடுத்தவன். சுடலைக்கண்ணு உட்கார்ந்த வாக்கிலேயே தூங்கிப்போனான். ரகுபதி கன்னத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு எழுந்து நின்றான். பதினோரு பக்கத்தையும் பிரித்தான். "அன்பார்ந்த தோழர்களே..." என்று ஆரம்பித்தான். தோழர்கள் என்ற சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் சற்று உட்கார்ந்துகொள்ளலாம் என்று தோன்றியது.

கண் விழித்தபோது ஷாமியானாக்காரன் கழியைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். மணி இரண்டரை. தலைக்குமேல் வானம் கிழிந்துகொண்டு போயிற்று. பக்கத்தில் அப்பாவு குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்தான். பகல் ஆள். அவன் ஒருவன்தான் முழுதும் விழித்திருந்தான்.

"முடிஞ்சிதுப்பா" என்றான் அப்பாவு.

"இன்னா முடிஞ்சிது?"

"ஒன் போராட்டம். ஜெயிச்சிட்ட."

அப்பாவு சொன்னது இதுதான். பத்து மணிக்கு நிலைய மேனேஜர், இன்ஸ்பெக்டரோடு வந்தார். சத்தமே இல்லையே, எதற்குப் போராட்டம் என்று கேட்டு அனுப்பிவிடலாம் என்பது அவர் யோசனை. அதற்காகவே அன்றைக்குக் காலைப் பயிற்சியை நிறுத்தச் சொல்லியிருந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் மரகதம் உதட்டில் விரலை வைத்தாள்.

"மெதுவா, சார். ரெண்டு மாசமா தூங்காதவங்க. ஒரே ஒரு மணி நேரம் பிளேன நிறுத்தினீங்க. நீங்களே பாருங்க."

மேனேஜர் பார்த்தார். நாற்பத்து மூன்று பேர். வாய் திறந்தபடி, ஒருவன்மேல் ஒருவன், யூனிஃபார்மில். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிவிட்டு, ஹாரன் அடிக்கப்போன ஜீப் டிரைவரை முறைத்தார். அதற்குப் பிறகு நடந்த பேச்சுவார்த்தை முழுதும் கிசுகிசுப்பில். மேனேஜர் தள்ளிப்போய் ராணுவ அதிகாரியிடம் போனில் கிசுகிசுத்தார். திரும்பி வந்து காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். இனிமேல் காலை ஒன்பது முதல் மதியம் இரண்டு வரை பயிற்சி கிடையாது. அமைப்பாளர் கையெழுத்து போடவேண்டிய இடத்தில் 'அமைப்பாளருக்காக' என்று எழுதி மரகதம் போட்டாள்.

"என்ன எழுப்பிருக்கலாம்ல?"

"எழுப்பனேன். கண்ணத் தொறக்காம, 'ஷிஃப்ட் முடிஞ்சிதா'ன்னு கேட்டுட்டுத் திரும்பிப் படுத்துகினே."

அப்பாவு எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டான். எட்டாம் பக்கம் ஜமுக்காளத்தில் மடங்கிக் கிடந்தது. அதை எடுத்துக் கொடுக்கலாமா என்று ரகுபதி ஒரு கணம் நினைத்தான். அதற்குள் அப்பாவு கடையைத் திறக்கக் கிளம்பிவிட்டான்.

வீட்டில் ரகுபதி வெடித்தான்.

"ராணுவமே போவணும்னு கேட்டேன் மரகதம். நீ போயி அஞ்சு மணி நேரம் வாங்கியாந்துகீறே!"

"நீ கேட்டது ஒலகத்துக்கு. நான் கேட்டது ஒனக்கு."

"பொங்கல் போட்டுத் தூங்க வெச்சியே, அது அநியாயம் இல்ல? பிளேன் வராதுன்னு ஒனக்கு முன்னாடியே தெரியும்."

"மீட்டிங் ரூம் வாசல்ல தொடச்சிகினு இருந்தேன். காதுல வுழுந்திச்சு. காத மூடிக்கினா தொடப்பாங்க?"

"கொள்கைன்னு ஒண்ணு கீது, மரகதம்."

"வெரலுன்னு பத்து கீதுய்யா."

'எதுக்குச் சொல்லுதேன்' என்ற சுடலைக்கண்ணுவின் முகம் ரகுபதிக்கு மனதில் வந்தது. மரகதம் அவன் வலது கையை இழுத்து, ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்துவிட்டு விட்டாள். அப்புறம் ஒன்றும் நடக்காதது போலத் தலை பின்னப் போய்விட்டாள்.

மறுநாள் காலை. ஷிஃப்ட் முடிந்து வந்தான். அப்பாவு வழக்கம்போல முதல் டீயை எடுத்துக் கொடுத்திருந்தான். வழக்கம்போல ஒன்றும் கேட்கவில்லை.

மரகதம் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். "கீரை வேணா ஆய்ஞ்சுட்டுப் படுக்கறியா?"

"வாணாம். இன்னிக்கி நல்லாத் தூங்கப்போறேன்."

"சரி, தூங்கு."

படுத்தான். ஒன்பதாயிற்று. டம்ளர்கள் பேசவில்லை. ஜன்னல் அசையவில்லை. அவ்வளவு அமைதி. தெருக்கோடியில் யாரோ பம்ப் அடிப்பது காதுக்குள் அடிப்பது போல் கேட்டது. அன்றைக்குப் பஸ்ஸில் கண்ணைத் திறந்துகொண்டே திரையை இழுத்தான். நேற்று திரை எதுவும் இல்லை. கண் தானாகவே மூடிக்கொண்டது. பதினான்கு வருஷத்தில் ஒரே ஒரு நாள் உட்கார்ந்தான், அதையும் அவன் பார்க்கவில்லை. புரண்டான். பத்தரை. மறுபடி புரண்டான். இரண்டு மணிக்கு விமானங்கள் வந்துவிடும்.

எழுந்து அடுக்களைக்குப் போனான். அங்கே ஜன்னலுக்குக் கீழே பாய் விரித்திருந்தது. பாய்மேல் முறம். முறத்தில் நாலு கொப்பு முருங்கை. பக்கத்திலேயே தலையணையும் வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

ரகுபதி உட்கார்ந்து, முறத்தை மடிக்கு இழுத்துக்கொண்டு, முதல் காம்பை உருவினான்.